மதியிறுக்கமுள்ள பெரியவர்களில் புலன் உணர்திறனை அளவிடல்

மதியிறுக்கமுள்ள பெரியவர்களில் புலன் உணர்திறனை அளவிடல் என்பது, மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள வயதுவந்தோர் ஒலி, ஒளி, தொடுகை, மணம், சுவை முதலியவற்றை எவ்வளவு நுட்பமாக உணர்கின்றனர், அவற்றால் எவ்வளவு தொல்லைக்கு உள்ளாகின்றனர் என்பதைக் கண்டறியும் முயற்சி ஆகும். வினாக்கொத்துகள், ஆய்வுக்கூடச் சோதனைகள், மூளைச் செயற்பாட்டுப் பதிவுகள் ஆகிய மூன்றும் இதற்குப் பயன்படும் முதன்மையான வழிகளாகும். உளவியல், நரம்பியல், செயல்முறை மருத்துவம் (ஆக்குபேசனல் தெரபி), கேட்பியல் ஆகிய துறைகளைச் சார்ந்தோர் இதில் ஈடுபடுகின்றனர்.

இம்மூன்று வழிகளும் ஒரே பொருளை அளப்பதாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அவ்வாறு இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. இவ்வேறுபாடு நடைமுறை வாழ்வையும் பாதிக்கிறது. சந்தை இரைச்சலில் நிற்க முடியாத ஒருவர் கேட்புச் சோதனைக்குச் செல்கிறார். "காதில் ஒரு குறையும் இல்லை" என்று முடிவு வருகிறது. அதைக் கொண்டு அவர் மிகைப்படுத்துகிறார் என்று வீட்டாரோ அலுவலகத்தாரோ முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மையில் அச்சோதனை அளந்தது மிக மெல்லிய ஒலியைக் கேட்கும் ஆற்றலை மட்டுமே. உரத்த ஒலியைத் தாங்கும் ஆற்றலை அது அளக்கவே இல்லை.

சொற்பொருள்

உணர்திறன் என்ற ஒரே சொல் குறைந்தது மூன்று பொருள்களில் வழங்குகிறது. முதலாவது, மிகச் சிறிய தூண்டலையும் கண்டுகொள்ளும் திறன், அல்லது ஏறக்குறைய ஒத்த இரு தூண்டல்களை வேறுபடுத்தி அறியும் திறன். இதனை நடத்தைசார் உணர்திறன் எனலாம். இரண்டாவது, ஒரு தூண்டல் தமக்கு எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று ஒருவர் தாமே கூறுவது. இது தன்னுணர்வுசார் உணர்திறன். மூன்றாவது, தூண்டலுக்கு மூளையும் நரம்புகளும் காட்டும் எதிர்வினையின் அளவு. பிரித்தானிய உளவியலாளர் ஜேமி வார்டு 2019 இல் இம்மூன்றையும் பிரித்துக் காட்டி, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்கலாகாது என்று எழுதினார்.

மதியிறுக்கத்தைப் பற்றிய நூல்களில் மிகையுணர்வு, குறையுணர்வு, உணர்வு நாட்டம் என்ற வேறொரு மும்மைப் பகுப்பும் காணப்படுகிறது. இது எதிர்வினையின் திசையைக் குறிப்பது. சட்டைக் கழுத்துப்பட்டையின் உரசலைப் பொறுக்க இயலாமை மிகையுணர்வு; காயம் பட்டும் வலியைக் கவனியாமை குறையுணர்வு; சுழலும் விசிறியை நெடுநேரம் பார்த்து மகிழ்தல் உணர்வு நாட்டம். இம்மூன்றும் ஒரே மனிதரிடம், சில வேளைகளில் ஒரே நாளில், காணப்படலாம்.

வரலாறு

மதியிறுக்கத்தை முதன்முதலாக விரிவாக விளக்கியவர்களுள் ஒருவரான லியோ கானர், 1943 இல் எழுதிய கட்டுரையில் 11 சிறுவர்களைப் பற்றிக் கூறுகிறார். அவர்களுள் சிலர் தூசுறிஞ்சி, மின்தூக்கி, முட்டை அடிக்கும் கருவி போன்றவற்றின் ஒலிக்கும் இயக்கத்திற்கும் அஞ்சினர். கானர் மேலும் ஒரு குறிப்பைச் சேர்த்தார். சிறுவன் அஞ்சுவது ஒலியை அன்று, அழைக்காமல் வந்து தன் தனிமையில் நுழையும் ஒலியையே. அதே அளவு இரைச்சலை அவன் தானே மகிழ்ச்சியோடு எழுப்புவதுண்டு என்பது அக்குறிப்பின் சாரம். பிற்காலத்தில் ஒலியின் அளவை மட்டும் டெசிபெல்லில் கணக்கிட்டவர்கள் இதனை மறந்துவிட்டனர் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் மொழி, சமூகப் பழக்கம் ஆகியவற்றுக்குக் கிடைத்த கவனம் புலன் அனுபவங்களுக்குக் கிட்டவில்லை. மதியிறுக்கமுள்ள பெரியவர்கள் தாமே எழுதத் தொடங்கியபோது நிலை மாறிற்று. அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் 1986 இல் வெளியிட்ட தன்வரலாறு இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. பிறர் அணைப்பைத் தாங்க இயலாத அவர், தம் விருப்பப்படி அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல அணைப்புப் பொறி ஒன்றைத் தாமே செய்து கொண்டவர்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (2013), புலன் தூண்டல்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை மதியிறுக்கத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் பதினோராம் பன்னாட்டு நோய் வகைப்பாடும் இதனைக் குறிப்பிடுகிறது. அறிகுறியாக ஏற்கப்பட்ட பின் அதனை அளக்கும் தேவையும் கூடிற்று.

வினாக்கொத்துகள்

குழந்தைகளுக்கான வினாக்கொத்துகளைப் பெற்றோரோ ஆசிரியரோ நிரப்புவர். பெரியவர்களுக்கானவற்றைப் பெரும்பாலும் அவர்களே நிரப்புகின்றனர்.

கேட்டனா பிரவுன், வின்னி டன் ஆகிய அமெரிக்கச் செயல்முறை மருத்துவ வல்லுநர்கள் 2002 இல் வெளியிட்ட வளரிளம் பருவத்தினர் மற்றும் பெரியவர்களுக்கான புலன் விவரக்கோவை பரவலாகப் பயன்படுவது. இதில் 60 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இட வேண்டும். கூற்றுகள் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்படுகின்றன: குறைப்பதிவு, உணர்வு நாடல், உணர்திறன், உணர்வு தவிர்த்தல். இப்பகுப்பு டன் 1997 இல் முன்வைத்த கோட்பாட்டைச் சார்ந்தது. நரம்பின் தொடக்க அளவு உயர்ந்ததா தாழ்ந்ததா, அதற்கு ஒருவர் தாமாகச் செயற்படுகிறாரா வாளா இருக்கிறாரா என்னும் இரு வினாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும்.

இலண்டனில் லாரா கிரேன் முதலியோர் மதியிறுக்கமுள்ள 18 பெரியவர்களிடம் இவ்வினாக்கொத்தைக் கொடுத்து 2009 இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 17 பேர், அதாவது 94.4 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு கட்டத்திலாவது இயல்பு அளவிலிருந்து மிகவும் விலகியிருந்தனர். ஆயினும் எந்தக் கட்டம் என்பது ஆளுக்கு ஆள் மாறியது. குழுவின் சராசரியை மட்டும் நோக்குவோர்க்கு இச்செய்தி புலப்படாது. புலன் வேறுபாடுகள் வயது ஏறினால் தாமே மறைந்துவிடும் என்ற எண்ணத்திற்கு இவ்வாய்வு இடமளிக்கவில்லை.

கிளாஸ்கோ புலன் வினாக்கொத்து 2013 இல் ஆஷ்லி ராபர்ட்சன், டேவிட் சிம்மன்ஸ் ஆகியோரால் வெளியிடப்பட்டது. பார்வை, கேள்வி, சுவை, மணம், தொடுகை, சமநிலை உணர்வு, உடல்நிலை உணர்வு ஆகிய ஏழு புலன்களுக்கும் ஆறாறாக 42 வினாக்கள் இதில் உள்ளன. ஒவ்வொரு புலனிலும் மூன்று வினாக்கள் மிகையுணர்வையும் மூன்று குறையுணர்வையும் பற்றியவை. ஒரு வினாவுக்கு 0 முதல் 4 வரை என மொத்தம் 168 மதிப்பெண். பொதுமக்களுள் 212 பெரியவர்கள் நிரப்பிய விடைகளில், மதியிறுக்கப் பண்புகள் மிக்கோர் இதிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். மிகையுணர்வு மதிப்பெண் கூடியவர்க்குக் குறையுணர்வு மதிப்பெண்ணும் கூடியே இருந்தது கவனிக்கத்தக்கது. இரண்டும் ஒரு துலாக்கோலின் இரு தட்டுகள் என்றால் ஒன்று ஏற மற்றொன்று இறங்க வேண்டும், அவ்வாறு நிகழவில்லை. இவ்வினாக்கொத்து பின்னர் சப்பானியம், பிரெஞ்சு, டச்சு முதலிய மொழிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

தெரேசா தவாசோலி, ரோசா ஹூக்ஸ்ட்ரா, சைமன் பேரன்-கோகன் ஆகியோரின் புலனுணர்வு ஈவு 2014 இல் வெளியாயிற்று. 92 கூற்றுகள் கொண்ட இதற்கு 35 கூற்றுகள் உடைய சுருக்கமும் உண்டு. பிற வினாக்கொத்துகள் விருப்பு வெறுப்பையும் நடத்தையையும் கலந்து கேட்கின்றன என்பதால், புலன் எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிகிறது என்பதை மட்டும் கேட்க இதில் முயன்றுள்ளனர். இதில் மதிப்பெண் குறைந்தால் உணர்திறன் கூடுதல் என்று பொருள். கிளாஸ்கோ வினாக்கொத்தில் இதற்கு நேர்மாறாக இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கும் மாணவர்கள் இவ்விடத்தில் தடுமாறுவதுண்டு.

தொடக்க அளவுச் சோதனைகள்

ஒரு தூண்டல் உணரப்படுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த அளவே தொடக்க அளவு எனப்படும். இதனை அளக்கும் கலை, 1860 இல் குஸ்தாவ் ஃபெக்னர் என்னும் செருமானியர் எழுதிய நூலோடு ஒரு துறையாக உருவெடுத்தது. அது உளப்பௌதிகம் எனப்படுகிறது.

"கேட்கிறதா?" என்று மட்டும் வினவினால், துணிவுள்ளவர் ஐயம் இருந்தாலும் ஆம் என்பார்; எச்சரிக்கையானவர் உறுதியாகும் வரை இல்லை என்பார். இருவரின் காதும் ஒன்றாகவே இருந்தாலும் விடை வேறுபடும். இதனைத் தவிர்க்க இரு இடைவேளைகளைக் காட்டி, எதில் ஒலி இருந்தது என்று தேர்ந்தெடுக்கச் செய்கின்றனர். தொடர்ந்து இருமுறை சரியாகக் கூறினால் ஒலி குறைக்கப்படும்; ஒருமுறை தவறினால் கூட்டப்படும். இவ்வாறு படியிறங்கியும் ஏறியும் செல்லும் சோதனை, ஏறக்குறைய 71 விழுக்காடு சரியான விடை கிடைக்கும் அளவில் வந்து நிலைகொள்ளும். அந்த அளவே அவருடைய தொடக்க அளவாகக் கொள்ளப்படுகிறது.

தொடுகையைப் பற்றி இவ்வகையில் செய்யப்பட்ட ஆய்வுகள் எளிய விடை எதனையும் தரவில்லை. சாரா-ஜெயின் பிளேக்மோர் முதலியோர் 2006 இல், அசுபெர்கர் கூட்டறிகுறி உள்ள பெரியவர்கள் நொடிக்கு 200 முறை அதிரும் தொடுகையை மற்றவர்களைவிட நுட்பமாக உணர்ந்தனர் என்று கண்டனர். நொடிக்கு 30 முறை அதிர்வில் வேறுபாடு இல்லை. கரிசா காசியோ முதலியோர் 2008 இல் மதியிறுக்கமுள்ள 8 பெரியவர்களை ஆராய்ந்தனர். மெல்லிய தொடுகையை உணர்வதில் அவர்கள் பிறரை ஒத்திருந்தனர். முன்கையில் அதிர்வையும், முன்கை, உள்ளங்கை இரண்டிலும் வெப்ப வலியையும் விரைந்து உணர்ந்தனர். ஆகவே தொடு உணர்திறன் என்று ஓர் எண்ணைத் தருவது கூட இயலாத செயல். எந்த இடத்தில், எவ்வகைத் தொடுகை என்பதையும் உடன் கூற வேண்டும்.

பிளேக்மோரின் ஆய்வில் மற்றொரு பகுதியும் உண்டு. உள்ளங்கையில் மெல்ல வருடும்போது தோன்றும் கூச்சத்திற்கு மதிப்பெண் இடச் சொன்னார்கள். தாமே வருடிக் கொள்ளும்போது கூச்சம் குறைவது எல்லோர்க்கும் பொதுவாக இருந்தது. ஆனால் தாமே வருடினாலும் பிறர் வருடினாலும் அசுபெர்கர் குழுவினர் கூடுதலான கூச்சத்தைக் கூறினர்.

கழுகுக் கண் சர்ச்சை

அளவுகோலே ஆய்வாளரை ஏமாற்றக் கூடும் என்பதற்குப் பார்வைக் கூர்மை பற்றிய ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. எம்மா அஷ்வின் முதலியோர் 2009 இல் மதியிறுக்கமுள்ளோரின் பார்வைக் கூர்மை சராசரியாக 20/7 என்று அறிவித்தனர். 20 அடியில் நிற்கும் அவர், இயல்பான பார்வையுடையவர் 7 அடிக்கு நெருங்கி வந்து காண்பதைக் காண்கிறார் என்பது இதன் பொருள். நம் கண் மருத்துவமனைகளில் எழுதும் முறையில் இது ஏறக்குறைய 6/2 ஆகும். இவ்வளவு கூர்மை பறவைகளோடு ஒப்பிடத்தக்கது என்பதால் கட்டுரையின் தலைப்பே கழுகுக் கண் என்று அமைந்தது.

இதற்குப் பயன்பட்ட கணினிச் சோதனையை உருவாக்கியவர் செருமனியின் பிரைபர்க் நகரைச் சேர்ந்த மைக்கேல் பாக். அவரும் ஸ்டீவன் டேக்கினும் அதே ஆண்டில் மறுப்பு எழுதினர். கணினித் திரையில் எழுத்தும் வடிவும் புள்ளிகளால் ஆனவை. ஒரு புள்ளியை விடச் சிறிய இடைவெளியைத் திரை காட்ட இயலாது. கணக்கிட்டுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். 20/7 கூர்மைக்கு 0.35 கலை கோண அளவுள்ள இடைவெளியைக் காண வேண்டும். (ஒரு பாகையில் 60 கலைகள்.) 60 செ.மீ. தொலைவில் இது ஏறக்குறைய 0.06 மி.மீ. ஆகும். அக்காலத்துச் சாதாரணத் திரைகளின் ஒரு புள்ளியோ ஏறக்குறைய 0.25 மி.மீ. இருந்தது. எனவே திரையால் காட்டவே இயலாத ஒன்றைப் பங்கேற்றோர் கண்டதாக அந்த எண் கூறுகிறது.

இதன்பின் நிகழ்ந்தது அறிவியலில் அடிக்கடி காணக் கிடைப்பதன்று. மறுத்தவர்களான பாக், டேக்கின் ஆகியோரும், முதல் ஆய்வில் பங்கேற்ற பேரன்-கோகனும், தவாசோலி முதலியோரோடு ஒன்றுசேர்ந்து சோதனையைத் திருத்திச் செய்தனர். 2011 இல் வெளியான முடிவில் இரு குழுவினரிடையே பார்வைக் கூர்மையில் வேறுபாடு காணப்படவில்லை.

ஆயினும் இதனைக் கொண்டு, கூசும் ஒளியால் துன்பப்படுகிறேன் என்று ஒருவர் சொல்வதை மறுக்க இயலாது. கூர்மை வேறு, கூச்சம் வேறு.

தாங்கும் எல்லை

கேட்பியலில் தொடக்க அளவோடு, ஒலி தாங்க முடியாததாக மாறும் அளவையும் அளக்கும் வழக்கம் உண்டு. ஒலியைப் படிப்படியாகக் கூட்டி, போதும் என்று அவர் சொல்லும் இடம் குறித்துக் கொள்ளப்படும். பெரும்பாலோர்க்கு இது ஏறக்குறைய 100 டெசிபெல் அருகில் இருக்கும். அன்றாட ஒலிகளையே தாங்க முடியாத நிலை ஒலி மிகையுணர்வு எனப்படும். 2021 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மதியிறுக்கமுள்ளோருள் ஏறக்குறைய 41 விழுக்காட்டினர் அந்நேரத்தில் இதனைக் கொண்டிருந்தனர் என்றும், வாழ்நாளில் எப்போதேனும் கொண்டிருந்தோர் ஏறக்குறைய 60 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது.

இச்சோதனைக்கும் குறை உண்டு. அமைதியான அறையில், அடுத்து என்ன வரும் என்று தெரிந்த நிலையில், நிறுத்தச் சொல்லும் உரிமையோடு கேட்கும் தூய ஒலியும், பேருந்து நிலையத்தில் திடீரென எழும் காற்றொலிப்பானும் ஒன்றல்ல. கானர் 1943 இல் குறித்த வேறுபாடும் இதுவே.

மூளைப் பதிவுகள்

மூளை மின்னலை வரைவு, செயல்சார் காந்த அதிர்வுப் படிமம், தோலின் மின்கடத்துதிறன் ஆகியவை ஒருவர் வாய்திறந்து விடை கூறத் தேவையின்றிப் பதிவு செய்ய உதவுகின்றன. இலான் டின்ஸ்டைன் முதலியோர் 2012 இல் மதியிறுக்கமுள்ள பெரியவர்களுக்கு ஒளி, ஒலி, தொடுகைத் தூண்டல்களைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் படிமம் எடுத்தனர். சராசரி எதிர்வினை இரு குழுவிலும் ஒத்திருந்தது. ஆனால் மதியிறுக்கமுள்ளோரில் அது ஒவ்வொரு முறையும் கூடுதலாக மாறுபட்டது. மூளை வலுவாக அன்று, சீரற்று எதிர்வினை காட்டுகிறது என்னும் கருத்து இதனால் பரவியது. 2017 இல் ஜான் பட்லர் முதலியோர் மூளை மின்னலை வரைவின் மூலம் இதனைச் சோதித்தபோது அத்தகைய மாறுபாடு கிடைக்கவில்லை. தனி ஒருவரின் உணர்திறனைக் கூறவல்ல மூளைச் சோதனை எதுவும் மருத்துவப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

அளவீட்டில் உள்ள இடர்கள்

வினாக்கொத்துகள் பெரும்பாலும் "எவ்வளவு அடிக்கடி" என்று கேட்கின்றன. திருமண மண்டபத்தின் ஒலிபெருக்கியைத் தாங்க முடியாமல் திருமணங்களுக்குச் செல்வதையே நிறுத்திவிட்ட ஒருவர், "அரிதாக" என்று உண்மையாகவே விடையளிக்கக் கூடும். மிகக் கூடுதலாகத் துன்புற்றவரின் மதிப்பெண் இவ்வாறு குறைந்துவிடுகிறது. காதடைப்பான், கறுப்புக் கண்ணாடி, தைக்கும்போதே பட்டை நீக்கிய சட்டை என வழிகளைத் தேடிக் கொண்ட பெரியவர்களிடம் இச்சிக்கல் குழந்தைகளிடம் உள்ளதைவிட மிகுதி.

ஒப்பீட்டு அளவும் ஒரு சிக்கலாகும். பிறந்தது முதல் ஒருவருக்கு ஓர் உடலே உள்ளது. மற்றவர்க்கு ஒளிக்குழாயின் இரைச்சல் கேட்பதில்லை என்பதையே நடுவயதில் அறிந்தோர் உண்டு. மேலும் மதியிறுக்கமுள்ளோருள் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தம் அக உணர்வுகளை இனங்கண்டு சொல்லில் கூறுவதில் இடர்ப்பாடு உள்ளது.

ஒரு வினாக்கொத்தின் வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது அகநம்பகம் எனப்படும். கிளாஸ்கோ வினாக்கொத்தில் இது 0.9 க்கு மேல் இருந்தது. இது மிக நல்ல அளவு. ஆனால் நம்பகம் வேறு, ஏற்புடைமை வேறு. எப்போதும் ஒரே எடையைக் காட்டும் தராசு சரியான எடையைக் காட்டுகிறது என்று சொல்ல இயலாது.

யாரை அளந்தார்கள் என்பதும் நோக்கத்தக்கது. நெடிய வினாக்கொத்தைப் படித்து நிரப்பவும், இருண்ட அறையில் ஒரு மணிநேரம் பொத்தான் அழுத்தவும் இயன்றவர்களே இவ்வாய்வுகளில் பெரும்பாலும் இடம்பெற்றனர். பேச்சில்லாதோரும் அறிவுத்திறன் குறைபாடு உடையோரும் விடுபட்டனர். அளவீடு மிகவும் தேவைப்படுவது அவர்களுக்கே.

இக்குறைகளால், எண்ணுக்கு மாறாகத் திறந்த வினாக்களைக் கேட்டுச் சொற்களாகவே விடை பெறும் ஆய்வுகளும் பெருகியுள்ளன. கெரன் மக்லென்னன் முதலியோர் 2022 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையினது. களைப்பு, கவலை, சூழலின் மீது தமக்குள்ள கட்டுப்பாடு ஆகியவற்றைப் பொறுத்து ஒரே தூண்டல் ஒரு நாள் தாங்கத்தக்கதாகவும் மறுநாள் தாங்கவொண்ணாததாகவும் மாறுவது இத்தகைய விடைகளில் தெரிகிறது. ஒரே நாளில் நிரப்பப்படும் வினாக்கொத்தில் இதனைக் காட்ட இடமில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மதியிறுக்கத்தையும் ஏற்றுள்ளது. குறைபாட்டின் அளவை மதிப்பிட, 2009 இல் வெளியான மதியிறுக்க மதிப்பீட்டுக்கான இந்திய அளவுகோல் பயன்படுகிறது. இது 40 கூற்றுகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70 க்குக் குறைந்தால் மதியிறுக்கம் இல்லை என்றும், 70 முதல் 106 வரை மிதமானது, 107 முதல் 153 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என்றும் கொள்ளப்படும்.

இந்த 40 கூற்றுகளுள் 6 மட்டுமே புலன்களைப் பற்றியவை. புலன் தூண்டல்களுக்கு வழக்கத்திற்கு மாறான உணர்திறன், வலியை உணராமை, பொருள்களை முகர்ந்தோ தொட்டோ சுவைத்தோ அறிதல் முதலியவை அவற்றுள் அடங்கும். மதிப்பெண் இடுபவர் சோதிக்கும் வல்லுநர். பெற்றோரையோ பராமரிப்பவரையோ வினவியும், நேரில் கவனித்தும் அவர் இதனைச் செய்கிறார். ஒலியைக் கேட்டுக் காதைப் பொத்துபவருக்கு இதில் மதிப்பெண் விழும். பொத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பழகிவிட்ட பெரியவருக்கு விழ வாய்ப்புக் குறைவு.